பிரிக்காத மடிப்பு

என் மகளின் விரல்களை மோந்து பார்ப்பது இரண்டு வருஷமாக எனக்கு வழக்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சரி, மதினி வீட்டுக்குப் போய் வந்தாலும் சரி, வாசலிலேயே நிறுத்திக் கையை நீட்டச் சொல்வேன். சால்னா வாசம் வருகிறதா என்று பார்ப்பேன்.

அவளுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். இந்தியாவில் வடக்கே ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாம் கோதுமை குறைவாகச் சாப்பிடுகிறோம். அதனால் எங்கள் தெருவில் யாரும் இந்தப் பேரையே கேட்டதில்லை.

தென்காசியில் இருந்துகொண்டு கோதுமையை ஒதுக்குவது லேசுப்பட்ட காரியமா? விருந்தாள் வந்தால் பிரானூர் பார்டர் பரோட்டா, ஊருக்குப் போய்த் திரும்பினால் அல்வா. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று ஆச்சிக்குப் புரியவைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதை டப்பாவின் பின்பக்கம் படித்த அன்று, சாம்பாரைச் சட்டியோடு கொட்டினேன். கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் படித்தேன். டாக்டர் கொடுத்த ஃபைலை மட்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

முதல் வருஷம் பிள்ளை நன்றாகத் தேறினாள். ஒன்பது வயதில் மறுபடி சோர்ந்தாள். மலச்சிக்கல், வறண்ட தோல், பாடத்தில் மந்தம். முகம் லேசாக உப்பியிருந்தது. வெளியே திருட்டுத்தனமாகப் பரோட்டா தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன். "திங்கலம்மா" என்பாள். நான் நம்பவில்லை.

அவளுக்குப் பதினொரு வயது நடந்த ஆனி மாதம், சாரல் நல்ல கட்டு கட்டியது. சொந்தக்காரர்களோடு குற்றாலம் போனோம். முந்தின ராத்திரி எல்லோரும் பார்டரில் பரோட்டா சாப்பிட, இவள் தூக்குவாளியில் கொண்டுபோன இட்லியைத் தின்றாள். மறுநாள் புலியருவி. சின்னதில் அந்தத் தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்று அழுதவள், இப்போது இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து படியில் உட்கார்ந்து நடுங்கினாள். மற்ற பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, ராத்திரி என்ன தின்ன?" என்று கையைப் பிடித்தேன்.

அவள் கையை இழுக்கவில்லை. "வேணும்னா மோந்து பாரும்மா. எனக்குக் குளிருது, அவ்வளவுதான்."

ஒன்றும் பேசாமல் ஈரப் பாவாடையை மாற்றக் குனிந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் தைத்த பாவாடை அது. வளருகிற பிள்ளை, பிறகு பிரித்து இறக்கலாம் என்று அடியில் நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்தேன். அந்த மடிப்பைப் பிழிந்தபோதுதான் கை நின்றது. தையல் அப்படியே இருந்தது. பாவாடை இன்னும் கணுக்காலைத் தொட்டது. இரண்டு வருஷம் அவள் விரலைப் பார்த்த நான், அவள் உயரத்தைப் பார்க்கவில்லை.

திருநெல்வேலியில் ரத்தம் எடுத்தார்கள். சாதாரணமாக ஐந்துக்குள் இருக்க வேண்டிய, தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். 68. ஹாஷிமோட்டோ என்றார் டாக்டர். குடலைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்கும், சீலியாக் உள்ள பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும், கோதுமையை எவ்வளவு கறாராக ஒதுக்கினாலும் வரலாம் என்றார். கோதுமை தின்றால் ஏறும் டி.டி.ஜி.யையும் பார்த்திருந்தார்கள். அது சரியாக இருந்தது. என் பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்த ஃபைலை எடுத்தேன். முதல் சீட்டின் அடியில், நீல மையில், "வருடம் ஒருமுறை தைராய்டு" என்று எழுதியிருந்தது.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்து இட்லி; இரும்புச்சத்து மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளித்தான். முகம் வடிந்துவிட்டது, பாடம் ஏறுகிறது. போன மாதம் அந்த மடிப்பைப் பிரித்தேன். தவறிய வளர்த்தி முழுவதும் திரும்புமா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை.

மோந்து பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். ஆனால் நேற்றும் மதினி வீட்டிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றாள். நான் கேட்காமலே இரண்டு கையையும் நீட்டினாள்.