மாடிப்படி வைத்த விமானங்கள்

1958-இல் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஒரு சாண்ட்விச் சண்டை நடந்தது. விமானக் கட்டணங்களை ஐயாட்டா என்ற சங்கம் நிர்ணயித்த காலம். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு எவன் விமானத்தில் ஏறினாலும் ஒரே காசு. அந்த வருஷம்தான் எகானமி வகுப்பு புதிதாக வந்தது. மலிவு வகுப்பு என்பதால் அதில் சாண்ட்விச்சுக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று விதி. ஸ்காண்டிநேவியக்காரர்கள் ஒரே ஒரு ரொட்டித் துண்டை அடியில் வைத்து, அதன் மேல் இறைச்சி, மீன், சீஸ், காய் என்று கோபுரம் கட்டி, இதுவும் சாண்ட்விச்தானே என்றார்கள். அமெரிக்க விமானக் கம்பெனி பான் ஆம் கோபித்துக்கொண்டு புகார் கொடுத்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் ஆட்கள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து, ரொட்டிக்கு மேல் எவ்வளவு ஏற்றலாம் என்று பஞ்சாயத்துப் பேசினார்கள்.

மவுண்ட் ரோட்டில் நான் வேலை பார்த்த டிராவல் ஏஜென்சியின் முதலாளி, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் இந்தக் கதையைச் சொல்வார். சொல்லிவிட்டு, "விலை ஒண்ணுன்னா உபசாரம்தான்டா வித்தியாசம். அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டாத்தான் நீ டிக்கெட் விப்பே" என்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் கிடையாது. தலையணை கனத்துக்கு ஏபிசி கைடு என்ற கால அட்டவணைப் புத்தகம், டெலக்ஸ் மெஷின், கை முழுக்கச் சிவப்புக் கறையாக்கும் டிக்கெட் கார்பன். வெளிநாடு போக ரிசர்வ் வங்கியின் பி ஃபாரம் வேண்டும். கையில் எட்டு டாலருக்கு மேல் எடுத்துப் போக முடியாத ஒரு காலமும் இருந்தது. ஆனால் டிக்கெட்டை ரூபாயில் வாங்கலாம். இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். பாக்கெட்டில் எட்டு டாலர் வைத்திருக்கும் மனிதர் முதல் வகுப்பில் காவியார் சாப்பிட்டுக்கொண்டு போவார்; பாரிஸில் இறங்கியதும் பஸ்ஸுக்குக் காசு எண்ணுவார்.

முதல் வகுப்பில் போகிறவர்கள் எங்கள் கடைக்குக் கொஞ்சம் பேர்தான். பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சொத்து வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்கள், எப்போதாவது சினிமாக்காரர்கள். போய்விட்டு வந்தவர்களை முதலாளி லேசில் விடமாட்டார். காபி வரவழைத்து, உட்காரவைத்து, எந்த விமானத்தில் என்ன நடந்தது என்று கதை கேட்பார். கேட்டதை நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். ஏர்லைனுக்கு ஒரு பக்கம். அந்த நோட்டில் இருக்கை எவ்வளவு அகலம், எவ்வளவு சாயும் என்ற பேச்சே இராது. யார் சிரித்தார்கள், எது ஆறிப்போய் வந்தது, நள்ளிரவில் மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், இதுதான் இருக்கும்.

பாரிஸ் தோல் சந்தைக்குப் போய்வரும் ஒரு பாய் இருந்தார். நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல குரல். அவர் வந்தால் மாடி வரை கேட்கும். "என்னா தம்பி, ஜெர்மன்காரன் முழுக் கறியை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்து நம்ம கண்ணு முன்னாலயே அறுக்கிறான். வாசம் ஆளைத் தூக்குது. நான் திங்க முடியுமா? மீனு இருக்கான்னு கேட்டேன். இல்லே. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. எம் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டான். திரும்பி வரச்சே வேற ஆளு, வேற பிளேனு. ஆனா எனக்கு மீனு தனியா வந்திருக்கு!" முதலாளி இதை அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டார். அதற்குப் பிறகு பெரியமேட்டிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஏர்லைன்தான் முதலில் சொல்லப்பட்டது.

நாங்கள் கேட்டறியாத பெருமைகளும் உண்டு. பான் ஆம் முதல் வகுப்புச் சாப்பாட்டுக்குப் பாரிஸின் மாக்ஸிம் ஓட்டல் பெயரைப் போட்டிருப்பார்கள். 1970 ஜனவரியில் அவர்கள்தான் 747-ஐ முதலில் பயணிகளுக்குப் பறக்கவிட்டார்கள். அதன் மாடியில் மேஜை விரிப்புப் போட்டுச் சாப்பாட்டு அறையே வைத்திருந்தார்கள். சைவக்காரர்களுக்கு இதெல்லாம் தூரத்துப் பச்சை. சைவம் என்று எழுதிக்கொடுத்தால், ஐரோப்பிய விமானம் ஒன்றில் உப்பில்லாமல் வேகவைத்த கேரட்டும் ஒரு வாழைப்பழமும் வைத்த கதை நோட்டில் இரண்டு பக்கத்துக்கு இருந்தது.

அங்கேதான் ஏர் இந்தியாவுக்குப் பவிசு. 1971-இல் அதன் முதல் ஜம்போ 'எம்பெரர் அசோகா' வந்து இறங்கியது. ஜன்னல் ஒவ்வொன்றைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனை மாடம்போல் சிவப்பு வளைவு வரைந்திருந்தார்கள். உங்கள் ஆகாய அரண்மனை என்று விளம்பரம். ஒவ்வொரு ஜம்போவுக்கும் ஒரு சக்கரவர்த்தி பெயர்: ஷாஜகான், விக்ரமாதித்தன், அக்பர். எங்களுக்குப் பெருமை, அந்த வரிசையில் ராஜேந்திர சோழனும் இருந்தான், பின்னால் மகேந்திரவர்மனும் வந்தான் என்பது. கடாரம் கொண்டவனுக்குக் கடல் தாண்டும் கப்பல் ஒன்று கிடைத்தது நியாயம்தான் என்று எங்கள் டெலக்ஸ் ஆபரேட்டர் சொல்வார்.

ஏஜென்சிக்காரர்களுக்கு 75 சதவீதத் தள்ளுபடி டிக்கெட் உண்டு. ஏடி 75 என்போம். அதில் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பினேன். கவுண்டரில் இருந்த நல்ல மனிதர் முன்னால் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து என்னை முதல் வகுப்பில் ஏற்றிவிட்டார். விமானம் ராஜேந்திர சோழன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சுழல் மாடிப்படி. விமானத்துக்குள் மாடிப்படியா என்று, படித்துத் தெரிந்திருந்தும், நின்று பார்த்தேன். மேலே ஏறினால் லவுஞ்ச். அங்கே யாருக்கும் சொந்த இடம் கிடையாது. போய் உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும். ஒரு குஜராத்தி வைர வியாபாரி, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஊர் திரும்பும் ஆங்கிலேயர், அவர் மனைவி. மகாராஜா படம் போட்ட சீட்டுக்கட்டு. விளையாடத் தெரியாது என்று சொன்ன எனக்கு ஆங்கிலேயர் மனைவி ரம்மி கற்றுக்கொடுத்தார். சிகரெட் புகையில் கண் எரிந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆறு கஜம் சேலை கட்டிய பெண், தட்டு நிறையக் கண்ணாடிக் கோப்பைகளோடு அந்தக் குறுகிய சுழல் படியில் ஏறி வந்தது எனக்கு இன்றுவரை புரியாத வித்தை.

இதற்கெல்லாம் பின்னால் ஜே.ஆர்.டி. டாட்டாவின் கண் இருந்தது என்பார்கள். 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தானே ஓட்டிவந்தவர். விமானத்தில் கொடுத்த டீக்கும் காபிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று அதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதுகிற சேர்மன். கம்பெனிக்குக் கலை ஆசையும் அதிகம். 1967-இல் சால்வடார் டாலியிடம் சாம்பல் கிண்ணம் ஒன்று வடிவமைத்துத் தரச் சொன்னார்கள். கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக் குட்டி. குட்டியை ஸ்பெயினுக்கு அனுப்பியும் வைத்தார்கள். நேரே பார்த்தால் அன்னமாகவும் தலைகீழாகப் பார்த்தால் யானையாகவும் தெரியும் தாங்கிகள் வைத்த அந்தக் கிண்ணங்கள் முதல் வகுப்புப் பயணிகளுக்கு இனாம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அது ஊதுவத்தி செருகப் பயன்பட்டது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972-இல் மலேசியாவிடமிருந்து பிரிந்து தனிக்கடை போட்ட சின்னக் கம்பெனி. உள்நாட்டில் பறக்க ஊரே கிடையாது, அதனால் வெளியே எல்லாரோடும் மோதியே ஆகவேண்டும். ஐயாட்டாவில் சேராததால் சாண்ட்விச் பஞ்சாயத்து எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. மற்றவர்கள் காசு வாங்கிய மதுவையும் ஹெட்போனையும் எகானமிக்காரனுக்கே சும்மா கொடுத்தார்கள். பியர் பால்மேன் 1968-இல் தைத்துக்கொடுத்த சரோங் கெபாயாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எங்கள் நோட்டில் இருந்தது வேறு. மகன் வீட்டுக்குப் போய்வந்த ஆச்சி ஒருவர் சொன்னது: "அந்தப் பிள்ளை எம் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, எங்கண்ணைப் பாத்து, என்ன வேணும்னு கேக்குது தம்பி. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வெந்நி வேணும்னு கையால காட்டினேன். எறங்குற வரைக்கும் வெந்நிதான்."

முதலாளி பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏர் இந்தியா இனிமேல் கஷ்டம் என்றார். அவர் சொன்னதில் எனக்கு அன்று உடன்பாடில்லை, ஓவியங்களும் மாடிப்படியும் ரம்மியும் தலைக்குள் இருந்தன. இன்று யோசித்தால், ஒன்று தன் வீட்டின் அழகைக் காட்டியது, மற்றொன்று வந்தவரின் முகத்தைப் பார்த்தது.

1978-ஆம் வருஷம் பொல்லாத வருஷம். ஜனவரி முதல் தேதி அசோகா பம்பாய்க் கடலில் விழுந்தது. 213 பேர். அடுத்த மாதம் மொரார்ஜி அரசு ஜே.ஆர்.டி.யைப் பதவியிலிருந்து எடுத்தது. 1985 ஜூனில் இன்னொரு ஜம்போ, கனிஷ்கா, குண்டுவெடித்து 329 பேர். அதற்குப் பிறகு ஒரு ஜம்போவின் பெயரைச் சொல்லி வேடிக்கை பேச எங்கள் ஆபரேட்டருக்கு மனம் வரவில்லை.

நடுவில் கான்கார்ட் வந்துபோனது. சிங்கப்பூரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று ஓட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு கம்பெனி வண்ணம், மறுபக்கம் மற்றதன் வண்ணம். 1977 டிசம்பரில் தொடங்கி உடனே நின்று, 1979-இல் மறுபடி கிளம்பி, 1980-இல் முடிந்தது. மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலி மிஞ்சிப் பறக்க மலேசியா விடவில்லை. ஏர் இந்தியாவும் ஒரு காலத்தில் இரண்டு கான்கார்டுக்கு இடம் எழுதி வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டது. நல்லவேளை என்றுதான் சொல்வேன். மொத்தம் 100 இருக்கை, உள்ளங்கை அளவு ஜன்னல், இன்றைய எகானமிபோல இடுக்கான நாற்காலி. முதல் வகுப்புக்கும் மேலே காசு வாங்கிக்கொண்டு சீக்கிரம் இறக்கிவிடுவதை உபசாரம் என்று எப்படிச் சொல்வது?

லவுஞ்சுகளைக் கொன்றது எண்ணெய் விலை. 1973-க்குப் பிறகு காலி இடம் என்பதே பாவமாகிவிட்டது. சோபாக்களைக் கழற்றிவிட்டு டிக்கெட் விற்கும் இருக்கைகளைப் போட்டார்கள். சிங்கப்பூர் 1983-இல் மாடியையே நீட்டி 'பிக் டாப்' என்று பெயர் வைத்தது. கட்டணக் கட்டுப்பாடும் தளர்ந்தது. முழுக் கட்டணம் கொடுத்தவன் பக்கத்தில் பாதிக் கட்டணக்காரன் உட்கார்ந்திருக்கிறானே என்ற முணுமுணுப்பைத் தீர்க்க, 1978, 79 வாக்கில் பான் ஆமும் குவாண்டாஸும் நடுவில் ஒரு வகுப்பைப் பிரித்தன. அதுதான் பிசினஸ் கிளாஸ். எங்கள் நோட்டுக்கு அன்று வயதாகிவிட்டது. விலைக்கு விலை பேசத் தொடங்கிய பிறகு பாயும் ஆச்சியும் சொன்ன கதைகளைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

பிறகு படுக்கை. தொண்ணூறுகளின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் தட்டையாகப் படுக்க வைத்தது. 2000-இல் பிசினஸ் கிளாஸிலும். பாதிப் பேர் முன்னோக்கி, பாதிப் பேர் பின்னோக்கி. தடுப்பை மேலே ஏற்றும் வரை முன்பின் தெரியாத ஒருவர் முகத்தை ஒரு முழ தூரத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தடுப்புதான் வளர்ந்து சுவராகி, கதவாகிவிட்டது. 2007-இல் சிங்கப்பூர் ஏ380-இல் கட்டில் போட்ட அறை, 2008-இல் எமிரேட்ஸில் ஐந்து நிமிஷம் வெந்நீர் வரும் ஷவர், 2014-இல் எத்திஹாதில் வரவேற்பறையோடு தனி வீடு. எமிரேட்ஸ் மாடியில் பார் இருக்கிறதே என்று என் மகன் வாதாடுகிறான். இருக்கிறது. போய் நின்றேன். நின்றவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று எடுத்துக்கொடுத்தார்கள்.

உடம்புக்கு இன்றைய விமானம் ஆயிரம் மடங்கு மேல், இதில் சந்தேகமே வேண்டாம். அன்று முதல் வகுப்பிலும் கால் வீங்கும், புகையில் மூச்சு முட்டும். இன்று என் வயதில் எட்டு மணி நேரம் நீட்டிப் படுத்துத் தூங்குகிறேன். ஆனால் பக்கத்து அறைக்காரர் ஆணா பெண்ணா என்று இறங்கும்போதுகூடத் தெரியவில்லை. ரம்மி கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. இதில் எனக்குக் குறை உண்டா என்றால், உண்டு.

ஏர் இந்தியா 2022-இல் டாட்டாவிடம் திரும்பிவிட்டது. அதன் கடைசி 747 2024 ஏப்ரலில் பம்பாயிலிருந்து கிளம்பி அமெரிக்காவுக்குப் போயிற்று.

பாயின் பேரன் இப்போது மாதம் ஒரு தடவை ஐரோப்பா போகிறான். டிக்கெட்டை போனிலேயே போட்டுக்கொள்கிறான், என் தயவு தேவையில்லை. மரியாதைக்காக எப்போதாவது வீட்டுக்கு வந்து உட்காருவான். போன வாரம் வந்தபோது, பழைய வழக்கத்தில், எந்த ஏர்லைனில் போனாய், எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டேன்.

"ஏ350 அங்கிள். ஒண்ணு ரெண்டு ஒண்ணு லேஅவுட். கதவு இருக்கு."

"சாப்பாட்டுக்கு மீன் கிடைத்ததா?"

"சாப்பிடலையே. ஏறினதும் 'டோன்ட் டிஸ்டர்ப்' போட்டுட்டுத் தூங்கிட்டேன்" என்றான்.