தென்றல் நடுங்கவைக்கும் ஊரில் 210 கிலோமீட்டர்

மெல்பர்ன் சைக்கிளோட்டிகளிடம் ‘பீச் ரோட்’ என்று சொல்லிப் பாருங்கள். பத்துமலை தைப்பூசத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிடுவார்கள். செயின்ட் கில்டாவில் ஆரம்பித்து பிரைட்டன், சாண்ட்ரிங்ஹம், பிளாக் ராக், பியூமாரிஸ், மென்டோன் வழியாக மோர்டியாலக் வரை போகும் கடற்கரைச் சாலை அது. இடையிடையே பெயர் மாறினாலும் ஓட்டுபவர்களுக்கு முழுவதும் பீச் ரோட்தான். போகும்போது வலப்பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, இடப்பக்கம் நாம் வாங்கவே முடியாத விலையில் வீடுகள். சனி, ஞாயிறு காலைகளில் பத்துப் பத்துப் பேராகச் சைக்கிள் குழுக்கள் கடந்துகொண்டே இருக்கும். எழுபது வயதுத் தாத்தாக்களும் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் நம்மை முந்துவார்கள்.

கிள்ளானில் ஒரு தாமானில் சைக்கிள் கற்றவள் நான். வேலைக்காக மெல்பர்ன் போய் மூன்றாவது ஆண்டில், 36 வயதில், ரத்தப் பரிசோதனை ஒன்று செய்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. “உங்கள் அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது?” என்று மட்டும் கேட்டார். 38 என்றேன். அப்பா தன் 56ஆவது வயதில் இறந்தார் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே, எங்கள் அலுவலகத்தில் சிலர் ‘அரவுண்ட் த பே’ போகப் பெயர் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தது. 1993 முதல் மெல்பர்னில் நடந்துவரும் பெரிய குழுச் சைக்கிள் ஓட்டம் இது. பந்தயம் இல்லை, முதல் பரிசு என்று எதுவும் கிடையாது. விரிகுடாவைச் சுற்றிவர வேண்டும், அவ்வளவுதான். குறுகிய தூரங்களும் உண்டு என்றாலும் நாங்கள் எடுத்தது முழுச்சுற்று, சுமார் 210 கிலோமீட்டர். அக்டோபரில் ஓட்டம் என்பதால் பயிற்சி ஜூன் நடுவில் தொடங்க வேண்டும். தென்கோளத்தில் அது குளிர்காலத்தின் நட்டநடு.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கிலும் ஹுலு லங்காட்டிலும் ஓட்டுகிறவர்கள் விடியுமுன் கிளம்புவது வெயிலிடமிருந்து தப்பிக்க. மெல்பர்ன் ஜூலையில் சூரியன் ஏழரை மணிக்குத்தான் எழும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டு. காலை ஆறு மணிக்கு ஆறேழு டிகிரி. அந்த ஆறேழு டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நாமே உண்டாக்கும் காற்று நம் எலும்பைத் தேடி வரும். முதலில் போவது விரல்கள். பிரேக்கைப் பிடிக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது கால்விரல்கள். கண்ணில் நீர் ஓடும், யாரும் அழவில்லை.

இதில் ஒரு தந்திரம் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் வியர்த்து, அந்த ஈரம் பிறகு உடம்பை உறையவைக்கும். உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, மேலே கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்று புகாத மேலங்கி, காலணிக்கு மேல் உறை என்று வெங்காயம்போல் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி முதுகுப் பையில் திணிக்கலாம். தலைக்கவசம் பற்றிப் பேச்சே இல்லை. விக்டோரியா மாநிலத்தில் 1990 முதல் அது சட்டம்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாடை என்றால் குளிர், தென்றல் என்றால் இதம் என்றுதான் பள்ளியில் படித்தோம். மெல்பர்னில் அந்தப் பாடம் செல்லாது. தெற்கே டாஸ்மேனியாவைத் தாண்டினால் அடுத்த நிலம் அண்டார்டிகா. அங்கிருந்து வருகிற காற்றைத் தென்றல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வடக்கிலிருந்து வருவது கோடையில் அனல், குளிர்காலத்தில் வறண்ட சாட்டையடி. வடகாற்று அடிக்கும் நாளில் மோர்டியாலக்வரை பறந்துபோய்விடலாம். திரும்பும்போதுதான் அதன் கணக்கு தெரியும்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். இரண்டு தாதியர், ஒரு பள்ளி ஆசிரியை, அலுவலக நண்பர்கள் நால்வர், நான், பிறகு அண்ணன். அண்ணன் யாழ்ப்பாணத்தவர். 61 வயது, இதயத்தில் ஸ்டென்ட் ஒன்று. இருதய மருத்துவரிடம் நடைப்பட்டையில் ஓடிக்காட்டி, ‘மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம் வரை’ என்று அனுமதி வாங்கி வந்திருந்தார். அந்த வரம்பை அவர் எங்கள் எல்லாருக்கும் விதித்துவிட்டார். யாராவது மூச்சு முட்ட மிதித்தால் பின்னாலிருந்து குரல் வரும்: “கதைக்க முடியுதோ? கதையுங்கோ பாப்பம்!”

நீண்டதூரப் பயிற்சிக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. ஆரம்ப வாரங்களில் பெரும்பகுதி அப்படிப் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்தான். வார நாள்களில் இரண்டு சிறிய ஓட்டம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். ஞாயிறு 40 கிலோமீட்டரில் தொடங்கி 50, 60, 75 என்று ஏற்றி, நான்காவது வாரம் இறக்குவோம். உடம்பு பலப்படுவது ஓட்டும்போது இல்லை, ஓய்வில்தான் என்பதைத் தாதியர் இருவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

குழுவாக ஓட்டுவது வேறு வித்தை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவர் அந்த நிழலில் ஒளிந்துகொள்கிறார். இதற்கு முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். பழகும்வரை வயிறு கலங்கும். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. எனவே குழி, கண்ணாடித் துண்டு, நிறுத்திய கார் எல்லாவற்றையும் முன்னால் இருப்பவர் கைகாட்டி, அது ஒவ்வொருவராகக் கடைசிவரை போய்ச்சேர வேண்டும். “பிள்ளை, என்ர பின்சில்லையே பாக்காதேங்கோ. தோளுக்கு மேலால தூரப் பாருங்கோ” என்றார் அண்ணன். யாழ்ப்பாணத்தில் சக்கரம் ‘சில்லு’. இரண்டு வாரத்தில் எங்கள் குழுவின் ஆசிரியை, அயர்லாந்துக்காரர், பஞ்சர் ஆனால் “சில்லு!” என்று கத்தத் தொடங்கிவிட்டார்.

நகரத்துக்குள் இன்னொரு எதிரி டிராம் தண்டவாளம். மழையில் அது சோப்புத் தடவியதுபோல் வழுக்கும். சக்கரம் பள்ளத்தில் மாட்டினால் கீழே விழ வேண்டியதுதான். முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரேக்கும் கூடாது, திருப்பமும் கூடாது.

ஜூலை இறுதியில் மலைக்குப் போனோம். பெல்கிரேவ் ரயில் தடத்தில் சைக்கிளோடு ஏறி போரோனியாவில் இறங்கினால் டாண்டினாங் மலைத்தொடரின் அடிவாரம் பக்கம். தி பேசின் என்ற சிற்றூரிலிருந்து சாசஃப்ராஸ் வரை ஏறும் ஏழு கிலோமீட்டரைச் சைக்கிளோட்டிகள் ‘இருபதில் ஒன்று’ என்பார்கள். இருபது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். சொல்லும்போது ஒன்றுமில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் என் முழங்கால் என்னிடம் வேறு கணக்குச் சொன்னது. இருபுறமும் மலைச்சாம்பல் மரங்கள், உலகின் மிக உயரமான பூக்கும் மர இனம். உச்சி மூடுபனிக்குள் மறைந்திருந்தது. ஈரத்தில் யூகலிப்டஸ் வாசனை மூக்கைத் திறந்துவிடும், தைலம் தேய்த்துக்கொண்டதுபோல. உச்சியில் தேநீர்க்கடைகள் உண்டு. ஸ்கோனும் ஜாமும் வாங்கி, கோப்பையை இரு கையாலும் பிடித்து விரல்களைத் திரும்பப் பெற்றேன். இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். மிதிக்க வேலையில்லை, குளிர்தான்.

எனக்குப் பிடித்த ஞாயிறு எது என்றால், காரம் டவுன்ஸ் போன நாள். அங்கே நம் மக்கள் 1990களில் எழுப்பிய சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது. பீச் ரோட் முடிந்து கரையோரமாகவே இன்னும் போய், உள்ளே திரும்ப வேண்டும். சைக்கிள் காற்சட்டையோடு சந்நிதியில் நிற்க மனம் வராமல், ஒரு சுடிதாரைச் சுருட்டி முதுகுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். தரிசனம் முடிந்து கோயில் உணவகத்தில் தோசை. அயர்லாந்து ஆசிரியை மூன்று தோசை சாப்பிட்டார். திரும்பி வரும்போது குழுவில் யாரும் பேசவில்லை. மூச்சு வாங்கியதால் இல்லை.

சாப்பாடு விளையாட்டு விஷயம் இல்லை. நீண்ட ஓட்டத்தில் பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். அரை மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட வேண்டும். கடையில் விற்கும் இனிப்புக் கூழ்ப் பொட்டலங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. வாழைப்பழம், காயா தடவிய ரொட்டி, அண்ணன் வீட்டில் செய்த எள்ளுருண்டை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறவள் ஓடும்போது இனிப்புத் தின்னலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தசை எரித்துவிடும், ஓட்டம் முடிந்து வீட்டுச் சோபாவில் தின்னாதீர்கள் என்றார். மாத்திரை, ஊசி போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கட்டாயம் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.

பிளாக் ராக்கில் ஹாஃப் மூன் பே என்று ஒரு சிறு வளைகுடா. கரையிலிருந்து பார்த்தால் நீருக்கு மேலே துருப்பிடித்த இரும்புக் குவியல் தெரியும். ‘செர்பரஸ்’ என்ற பழைய போர்க்கப்பல், 1926இல் அலைத்தடுப்பாக இருக்கட்டும் என்று மூழ்கடித்தது. ஆகஸ்டில் ஒரு காலை, மழைக்கு ஒதுங்கி அங்கே நின்றபோது அண்ணனிடம் கேட்டேன். இந்த வயதில், ஸ்டென்ட்டோடு, எதற்கு 210?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடையாது, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் சைக்கிள்தான் என்றார். பாட்டரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். 1995 அக்டோபர் இறுதியில் ஊரே ஒரே இரவில் பெயர்ந்தபோது, அரிசி மூட்டையைக் கட்டி, அதன்மேல் தன் தாயாரை உட்காரவைத்து, தென்மராட்சிப் பக்கம் மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. “சனம் அவ்வளவு. அடி எடுத்து வைக்க இடமில்லை. ஏறி ஓடவே இல்லை, விடிய விடியத் தள்ளினதுதான்.” பிறகு தேநீரை முடித்துவிட்டு, “ஒரு அலுவலுக்கும் இல்லாமல் நான் சைக்கிள் ஓடினதே இல்லை, பிள்ளை. ஒருக்கா ஓடிப் பாப்பம் எண்டு இருக்கு” என்றார்.

செப்டம்பரில் வசந்தம் வந்தது, கூடவே மேக்பை பறவைகள். கூடு காக்கும் ஆண்பறவை பின்னாலிருந்து பாய்ந்து காதைக் கொத்தும். எல்லாம் இல்லை, ஒரு சில. ஆனால் அந்த ஒரு சில நம் பாதையில்தான் கூடு கட்டும். தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை முள்ளம்பன்றிபோல் செருகிக்கொள்வது உள்ளூர் வைத்தியம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “வேலைக்குத்தானே போன?” என்று பதில் வந்தது. அந்த மாதக் கடைசியில் 150 கிலோமீட்டர் ஒருமுறை ஓட்டி முடித்தோம். ரத்தப் பரிசோதனையில் 5.9. குறைந்திருக்கிறது, தொடருங்கள் என்றார் மருத்துவர்.

ஓட்டம் நடந்த நாளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாதையும் தூரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, போக நினைப்பவர்கள் பதியும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆண்டில் பீச் ரோட், ஃபிராங்ஸ்டன், மார்னிங்டன் வழியாக சொரென்டோ வரை முதல் பாதி. அங்கிருந்து சைக்கிளோடு படகில் ஏறி, முக்கால் மணி நேரத்தில் விரிகுடாவின் மறுகரையான குயின்ஸ்கிளிஃப். அண்ணன் படகில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார், கையில் பாதி எள்ளுருண்டை.

மறுகரையில் தெற்கிலிருந்து காற்று. நாலு மாதம் நான் திட்டிய அதே காற்று இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது. ஜீலாங் தாண்டி ஒரு நீளமான நேர்சாலையில் தாதி ஒருவருக்குத் தொடையில் தசைப்பிடிப்பு. ஒன்பது பேரும் நின்றோம். இருபது நிமிடம் போனது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. கடைசியில் வெஸ்ட்கேட் பாலம், வழக்கமாகச் சைக்கிளுக்கு அனுமதியே இல்லாத பெரும்பாலம். 1970இல் கட்டும்போது இடிந்து 35 தொழிலாளர்கள் இறந்தது இங்கேதான். உச்சியை நெருங்கும்போது பின்னாலிருந்து, “கதைக்க முடியுதோ?” என்று குரல். ஒருவராலும் முடியவில்லை.

முடிவிடத்தில் அண்ணன் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஓம், வந்திட்டன். ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கிறன். சோறு இருக்கோ?”