தேங்க்ஸ், அப்புறம்?

ஆங்கிலத்தில் நடக்கும் எந்தத் தொலைபேசிப் பேச்சையும் கவனித்துப் பாருங்கள். முடிவில் ஒரு 'தேங்க்ஸ்' விழும். உதவி ஏதும் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தவறான எண்ணுக்குப் பேசிவிட்டவர் சொல்கிறார். கடன் அட்டை விற்கப் பேசி, வேண்டாம் என்று நாம் மறுத்த பிறகு அந்தப் பெண்ணும் சொல்கிறார். அரை மணி நேரம் சண்டை போட்டவர்கள்கூட 'ஓகே, தேங்க்ஸ்' என்றுதான் முடித்துக்கொள்கிறார்கள். கதவு சாத்தப்படும் சத்தம் அதில் கேட்கிறது. சத்தம் வராமல் சாத்துவதற்குப் பெயர்தான் நாகரிகம் போலும்.

தமிழில் முதுகலை படித்துவிட்டு, டெல்லியில் ஆங்கிலப் பேட்டிகளைத் தமிழாக்கிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சொல் தினசரித் தொல்லை. பிரமுகர் 'தேங்க்ஸ்' என்று எழுந்துவிட்டால் பேட்டி முடிந்தது. அதை 'நன்றி' என்று எழுதினால், அவர் ஏதோ நிருபருக்குக் கடமைப்பட்டவர் போலத் தொனிக்கும். 'போதும், கிளம்புங்கள்' என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அச்சில் ஏற்ற முடியாது. பெரும்பாலும் விட்டுவிடுகிறேன்.

பேச்சை எப்படி முடிப்பது என்பது ஆங்கிலத்துக்கும் பழைய தலைவலிதான். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878இல் வெளியான தொலைபேசி விவரப் புத்தகம், உற்சாகமாக 'ஹல்லோ' போட்டுப் பேச்சைத் தொடங்கவும், 'தட் இஸ் ஆல்' – அதாவது 'அவ்வளவுதான்' – என்று சொல்லி முடிக்கவும் யோசனை சொன்னது. தொடக்கம் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. முடிவு பிடிக்கவில்லை. முகத்தில் அடித்தாற்போல் 'அவ்வளவுதான்' என்று யாரிடம் சொல்ல முடியும்?

பேச்சு தானாக நிற்பதில்லை, பேசும் இருவரும் சேர்ந்துதான் அதை நிறுத்த வேண்டும் என்று இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். 'எனக்குச் சொல்ல வேறு இல்லை' என்று ஒருவர் ஜாடை காட்ட வேண்டும். மற்றவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் விடைபெறுதல். இந்த ஜாடைக்கு 'தேங்க்ஸ்' மிகவும் வசதி. பிரிட்டிஷ்காரர்களுக்கு 'சியர்ஸ்' இருக்கிறது. மதுக் கோப்பையைத் தூக்கிச் சொன்ன சொல், இப்போது நன்றிக்கும் ஆயிற்று, போய் வருகிறேன் என்பதற்கும் ஆயிற்று.

தமிழில் இந்த ஜாடையே வேறு. 'அப்புறம்?' என்போம். 'வேற என்ன விசேஷம்?' என்போம். இரண்டுக்கும் பொருள் பேச்சு முடியப்போகிறது என்பதே. ஆனால் இரண்டும் கேள்விகள். கதவைச் சாத்தப்போகிறேன், உள்ளே வர யாராவது உண்டா என்று கேட்கிற தோரணை. பிறகு 'வெச்சிடட்டுமா?' என்று அனுமதி. நேரில் என்றால் 'வரேன்'. போகிறவர் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். நன்றி இந்த வரிசையில் எங்கும் வராது. மேடைப் பேச்சின் கடைசியில்தான் 'நன்றி, வணக்கம்' வரும். அப்புறம் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தில். விடுப்பு கிடைக்கும் முன்பே நன்றி சொல்லப் பழக்கிய ஒரே இடம் அதுதான்.

அதற்காக நாம் நன்றி கெட்டவர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 5 கண்டங்களில் 8 மொழிகள் பேசுவோரின் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த ஒரு குழு, 2018இல் முடிவுகளை வெளியிட்டது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்ட சின்ன உதவி கிடைத்தபோது மக்கள் வாய்விட்டு நன்றி சொன்னது சுமார் 20 முறைக்கு 1 முறைதான். ஆங்கிலம் பேசுவோர்கூட சுமார் 7 முறைக்கு 1 முறைதான் சொன்னார்கள். எக்வடோரில் பேசப்படும் சாபாலா மொழியில் இதற்கென வழக்கமான சொல்லே கிடையாது. உப்பை எடுத்துக் கொடுத்தவருக்குத் தேவை வந்தால் நாளை நாம் எடுத்துக் கொடுப்போம். கணக்கு திறந்தே இருக்கும்.

கணக்கை மூடத்தான் அந்தச் சொல் கூர்மையாகப் பயன்படுகிறது. 6 ஆண்டுகள் மாதந்தோறும் மொழிபெயர்த்துக் கொடுத்த ஓர் இடத்திலிருந்து ஒரு நாள் எனக்கு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. இதுவரை செய்த உதவிக்கெல்லாம் தேங்க்ஸ் என்றது. இனி வேலை இல்லை என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. 3 மாத ஊதிய பாக்கியைப் பற்றியும் பேச்சில்லை. நான் செய்தது வேலை, உதவி அல்ல என்று பதில் போட்டேன். அதற்கும் 'நோட்டட், தேங்க்ஸ்' என்று வந்தது. கோபப்படவும் இடம் தராத சொல் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. சொல்லாமலே புரியும் என்ற நம்முடைய பெருமை மேலே இருப்பவர்களுக்குத்தான் சௌகரியம். நாலு மாடி ஏறி கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்தவரிடம் எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் ஒரு வார்த்தை சொன்னோம்? பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் அம்மாளிடம்? இன்றைக்கு எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் காவலாளியிடம் 'தேங்க்யூ பையா' என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறார்கள். இயந்திரத்தனம்தான். ஆனாலும் அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

எங்கள் அப்பா தஞ்சாவூரில் மருத்துவமனையில் கிடந்த 11 இரவுகளும் கூட இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான் டெல்லியிலிருந்தும் தம்பி அமெரிக்காவிலிருந்தும் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும் நாளன்று, தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'தேங்க்ஸ் ஃபார் எவ்ரிதிங், அண்ணா' என்றான். கண் கலங்கியிருந்தது. 25 வருடம் அந்த ஊரில் இருப்பவனுக்கு வந்த வார்த்தை அதுதான். மனசிலிருந்துதான் வந்தது.

கண்டக்டர் கையை விடுவித்துக்கொண்டார். 'என்ன தம்பி, கணக்கைத் தீர்த்துட்டீங்களே' என்றார்.

இரண்டு பேரிடமும் தப்பில்லை. நடுவில் நின்றது மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான். 'அப்படி இல்லண்ணே, உங்களை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்னு சொல்றான்' என்றேன். அவர் முகம் மாறியது. தம்பியின் தோளைத் தட்டி, 'நல்லா இருங்க' என்றார்.

சமாதானத்துக்காகச் சொன்ன பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் 'தேங்க்' என்பதும் 'திங்க்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல்லுக்கு நினைவு, எண்ணம் என்று பொருள். நம் திருக்குறளில் 11வது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது உதவி பெற்றவர் வாயால் சொல்லும் சொல் இல்லை. மற்றவர் செய்த நன்மை. பெற்றவர் செய்ய வேண்டியது அதை அறிந்து, மறக்காமல் வைத்திருப்பது மட்டுமே. இரண்டு மொழிகளும் வெகு காலத்துக்கு முன்பு ஒரே இடத்தில்தான் நின்றிருக்கின்றன. ஒன்று அந்த நினைவை வாசலில் சில்லறையாகக் கொடுக்கப் பழகியது. மற்றது உள்ளேயே பூட்டிவைக்கப் பழகியது.

தம்பி இப்போது பொங்கலுக்குப் பொங்கல் கண்டக்டருக்குப் போன் செய்கிறான். பேச விஷயம் 5 நிமிடத்துக்குத்தான் இருக்கும். அதன் பிறகு அவர் 'அப்புறம்?' என்கிறாராம். இவனும் 'அப்புறம்?' என்கிறானாம். எப்படி முடிப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறான்.