ட்ரஃபிள், ஒரு நாய், ஒரு பி.காம் மாணவன்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்தால் எல்லோருக்கும் தூக்கம் வரும். பி.காம் கடைசி வருஷம் படிக்கும் அவனுக்கு மட்டும் இத்தாலி வருகிறது!

வடக்கு இத்தாலி, பியட்மான்ட் பகுதி, ஆல்பா என்கிற ஊர். சுற்றிலும் மலைச்சரிவு, பனிமூட்டம். கையில் டார்ச். முன்னால் ஒரு நாய் மோந்துகொண்டே ஓடுகிறது, பின்னால் இவன். பேலன்ஸ் ஷீட் இல்லை, இன்டர்வியூ இல்லை, "அடுத்து என்னப்பா பண்ணப்போற?" என்று கேட்கும் பக்கத்து வீட்டு மாமா இல்லவே இல்லை.

தேடுவது ட்ரஃபிள். சாக்லேட் இல்லைங்க, பூஞ்சை! ஓக், பாப்லர், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் வளர்வது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும், அது மரத்துக்குத் தண்ணீரும் தாது உப்பும் கொடுக்கும். பார்க்க மண் ஒட்டின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். கண்ணால் தேடிப் புண்ணியமில்லை, மூக்குதான் கதி. ஒரு காலத்தில் பன்றிகளை வைத்துத் தேடினார்கள். பன்றி கண்டுபிடித்ததைத் தானே தின்றுவிடப் பார்க்கும், மண்ணையும் கிளறிப் போட்டுவிடும். நாய் ஒரு பிஸ்கட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடும். ஆல்பாவுக்குப் பக்கத்தில் ரோடி என்ற ஊரில் ட்ரஃபிள் நாய்களுக்கென்றே ஒரு 'பல்கலைக்கழகம்' 1880-ல் தொடங்கப்பட்டது. அங்கே காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் கிடையாது. கொடுத்து வைத்த நாய்கள்!

கனவில் வரும் நாய்க்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. மணி.

வினை எங்கே வந்தது என்றால், ஒரு நாள் உட்கார்ந்து இதைப்பற்றி நிஜமாகவே படித்துவிட்டான். இத்தாலியில் நினைத்தவுடன் காட்டுக்குள் போய்த் தோண்ட முடியாதாம். பரீட்சை எழுதிப் பாஸ் செய்து உரிமம் வாங்க வேண்டும். அங்கேயும் பரீட்சை! சரி, எழுதிவிடலாம் என்று மேலே படித்தான். வெள்ளை ட்ரஃபிள் கிலோ பல ஆயிரம் யூரோ. 2007-ல் டஸ்கனியில் கிடைத்த ஒன்றரைக் கிலோ ட்ரஃபிளை மக்காவ் சூதாட்ட அதிபர் ஸ்டான்லி ஹோ 3,30,000 டாலருக்கு ஏலம் எடுத்தார். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் நிம்மதி எப்படி இருக்கும்? தேடுபவர்கள் இருட்டில் போவதற்கு ஒரு காரணம், தங்கள் இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது. போட்டிக்காரர்கள் காட்டில் விஷம் வைக்கிறார்கள். நாய்கள் செத்துப்போகின்றன. 2020-ல் வந்த 'தி ட்ரஃபிள் ஹன்டர்ஸ்' ஆவணப்படத்திலும் இந்தப் பயம் வருகிறது.

அதோடு மூடி வைத்துவிட்டான். அன்று ராத்திரி கனவில் மணி எதையோ மோந்து பார்க்கக் குனிந்தபோது, "வேண்டாம்டா" என்று கத்த வேண்டியிருந்தது.

அவன் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி பத்துக்குத்தான் இறக்குவார். கடையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அதுவும் நிம்மதியான வாழ்க்கையாகத்தான் தெரியும். "சொந்தக் கடை, கேட்க ஆளில்லை" என்று சொல்லுவார்கள். கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்கிறார்கள். இவனுடைய காலேஜ் ஃபீஸும் அந்த நோட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. ஆல்பாவில் இருக்கும் கிழவர் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கலாம் என்று இதற்கு முன் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

கடை வாசலில் ஒரு தெருநாய் படுத்திருக்கும். ஷட்டரை இறக்கியதும் அப்பா அதற்கு ஒரு பன் போடுவார், அது வீடு வரை கூடவே வரும். இப்போதெல்லாம் பத்து மணிக்கு இவனும் கடைக்குப் போய்விடுகிறான். மூன்று பேருமாக நடந்து வருகிறார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அப்பா மட்டும் ஒரு நாள், "நாய்க்கு எதுக்குடா மணின்னு பேர் வச்சே?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு மறுபடியும் காஸ்ட் அக்கவுண்டிங். இத்தாலி இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போது கணக்கை முடித்த பிறகு வருகிறது.