பாப்பாவுக்கு, போன் வாங்கும் முன்

ஜமுனாமரத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உனக்குத் தலைவலி எப்படி இருக்கிறது? கண் டாக்டரிடம் போனாயா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு போன்களையும் பார்த்தேன். "ஒண்ணு 144 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 90 ஹெர்ட்ஸ், விலை ஒண்ணுதான், 144-ஐயே வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், இல்லை என்று அங்கேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் நர்சிங் முடிக்கிற வரைக்கும் உன் நோட்ஸ் எல்லாம் அந்தத் திரையில்தான். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் வேறு. போனில் விளக்கலாம் என்றால் பாதியில் கட்டாகிவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை தன் படத்தைப் புதிதாகப் போடுகிறது என்பதுதான் அந்த ஹெர்ட்ஸ் எண், இதைத்தான் ரெஃப்ரெஷ் ரேட் என்பார்கள். 60 என்றால் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 90 என்றால் 11.1. 120 என்றால் 8.3. 144 என்றால் 6.9. இப்போது கழித்துப் பார். 60-லிருந்து 90-க்குப் போனால் 5.6 மில்லிசெகண்ட் மிச்சம். 90-லிருந்து 120-க்கு 2.8. 120-லிருந்து 144-க்கு வெறும் 1.4. ஒவ்வொரு படியிலும் லாபம் பாதிப் பாதியாகக் குறைகிறது. பெட்டியில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அதற்காக இதெல்லாம் சும்மா விளம்பரம் என்று சொல்ல மாட்டேன். நம் போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களில் சிலர், "கண்ணுக்கு வினாடிக்கு 24 படத்துக்கு மேல தெரியாதுப்பா, சினிமாவே அப்படித்தானே" என்று அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. ஃபிலிம் ஓடிய காலத்திலேயே புரொஜெக்டரில் ஒவ்வொரு படத்தையும் ஷட்டர் இரண்டு முறையாவது வெட்டிக் காட்டியது. 24 படம், 48 வெளிச்சம். அப்படிச் செய்யாவிட்டால் திரை துடிப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நம் பழைய டியூப் டிவி வினாடிக்கு 50 முறை துடித்தது. ஓரக்கண்ணால் பார்த்தால் அந்தத் துடிப்பே தெரியும். கண் அவ்வளவு மந்தம் இல்லை.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலைக்குக் கீழே ஒரு டவுனில் டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டு வந்த வாத்தியார் ஒருவர் போனை மேசைமேல் வைத்தார். "டிஸ்ப்ளே மாத்தின நாள்லேருந்து போன் ஸ்லோ ஆயிடுச்சு, ரீசெட் பண்ணியும் சரியாகலை" என்றார். ராம் பார்த்தேன், இடம் பார்த்தேன், எல்லாம் காலியாகத்தான் இருந்தது. டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் 'ஷோ ரெஃப்ரெஷ் ரேட்'டை ஆன் செய்தேன். மூலையில் 60 என்று வந்தது, எவ்வளவு தள்ளினாலும் அது 60-ஐ விட்டு நகரவில்லை. அந்த மாடல் 120-ல் ஓட வேண்டியது. ஒரிஜினல் ஆமோலெட் காம்போவை எடுத்துவிட்டு காப்பி எல்சிடியைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். திரைக்குள் இருக்கும் கைரேகையும் வேலை செய்யவில்லை. அதை அவர் தன் விரல் தேய்ந்த குறை என்று நினைத்திருந்தார். பாப்பா, அந்த மனிதருக்கு ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. யாரும் சொல்லித்தராமல், பெயர் தெரியாமல், ஏதோ குறைந்துவிட்டது என்று அவர் விரல் கண்டுபிடித்தது. அன்றைக்கு எனக்கு இந்த விஷயத்தில் இருந்த சந்தேகம் தீர்ந்தது. தேவையே இல்லை என்று யார் சொன்னாலும் இனி நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அது எப்போது தெரியும் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. படிக்கிற வேகத்தில், ஒரு திரை நீளம் மேலே போக நான்கு வினாடி ஆகிற மாதிரி, நோட்ஸை விரலால் நகர்த்துகிறாய் என்று வை. திரையின் உயரம் 2400 பிக்சல். வினாடிக்கு 600 பிக்சல் நகர்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து 10 பிக்சல் தாவுகிறது. உன் கண் எழுத்தோடு சீராக நகர்ந்துகொண்டே இருக்கிறது, படம் மட்டும் நின்று நின்று தாவுகிறது. அந்த 10 பிக்சல் அளவுக்கு எழுத்து கண்ணில் இழுபடும். தமிழ் எழுத்தின் மேல் வைக்கிற புள்ளி சாதாரண அளவில் அந்த 10 பிக்சல்கூட இருக்காது. அதனால் நகரும்போது புள்ளி மேலும் கீழும் கரைந்து, 'ப்' எது 'ப' எது என்று தெரியாமல் போகும். 90-ல் இழுவை 7 பிக்சலுக்குக் கீழே வந்துவிடுகிறது, புள்ளி ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கிறது. 120-ல் 5, நன்றாகவே தெரிகிறது. 144-ல் நாலுக்குக் கொஞ்சம் மேல். 120-க்கும் 144-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் நிறைய முயன்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததே இல்லை.

விரல் நின்றால் எல்லாத் திரையும் ஒன்றுதான். நகராத பக்கத்தைப் படிக்க 60-ஏ தாராளம். வீடியோ காலுக்கும் யூடியூப் பாடத்துக்கும் 144-ஆல் ஒரு பிரயோசனமும் இல்லை, அந்த வீடியோக்கள் பெரும்பாலும் வினாடிக்கு 24, 25, 30 படத்தில்தான் வருகின்றன. சினிமாவுக்கு மட்டும் 120-ல் ஒரு சின்ன நன்மை உண்டு. 24-ஐ ஐந்தால் பெருக்கினால் சரியாக 120. ஒவ்வொரு படத்தையும் ஐந்து முறை சமமாகக் காட்டலாம். 60-ல் ஒரு படத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெதுவாகத் திரும்புகிற காட்சியில் அந்தத் தடுமாற்றம் தெரியும்.

வேகம் எப்போது தேவை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து உங்களைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப்போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே 1972-ல் வைத்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில்தான் 1977 மார்ச் 10 இரவு ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பதிவு செய்தார்கள். கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில வினாடி மங்கி மீண்டது. முதலில் அதை ஒரு புதுத் துணைக்கோள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு கிரகத்தின் இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் மங்கல்கள் கிடைத்தன. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. சில வினாடியில் வந்து போகிற ஒன்றைப் பிடிக்க நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பதிய வேண்டும். அதே காவலூரில் மங்கலான ஒரு விண்மீன் மண்டலத்தைப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரே படத்துக்கு நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பார்கள், அங்கே வேகத்துக்கு வேலை இல்லை. எதைப் பார்க்கிறோமோ அதற்கேற்ற வேகம். விலை கூடிய போன்களில் இப்போது இதையே செய்கிறார்கள். பக்கம் அசையாமல் இருந்தால் திரை வினாடிக்கு ஒரு முறைக்கு இறங்கிவிடும், விரல் பட்டதும் 120-க்கு ஏறும், பேட்டரி மிச்சம். உன் பட்ஜெட்டில் அந்த எல்டிபிஓ திரை வராது. இரண்டு மூன்று படிகளுக்குள்தான் மாறும்.

இனி நீ அனுப்பியவற்றுக்கு வருகிறேன். அந்த 144 போன் எல்சிடி, 4 ஜிபி ராம். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. 144-ல் ஒவ்வொரு படத்துக்கும் 6.9 மில்லிசெகண்ட்தான் நேரம். விலை குறைந்த எல்சிடியில் ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு முழுசாக மாற அதைவிட அதிக நேரம் ஆகும். மாறி முடிப்பதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடும். எழுத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒன்று இழுபடுவது அதனால்தான். ஆமோலெட்டில் பிக்சல் கிட்டத்தட்ட உடனே மாறிவிடுகிறது. அதனால் நல்ல ஆமோலெட்டின் 90, மட்டமான எல்சிடியின் 144-ஐவிடத் தெளிவாகத் தெரியும். இதைப் பெட்டியில் போட மாட்டார்கள்.

ராமும் இடமும்கூட முக்கியம். திரை 144 முறை கேட்கலாம், போன் 144 படம் தயார் செய்து கொடுக்க வேண்டுமே. கடைக்கு "ஹேங் ஆவுது" என்று வருகிற போன்களில் பாதிக்கு மேல் இடம் நிரம்பி வழிகிறவை. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோவும் குட்மார்னிங் படமுமாக இருக்கும். அந்தப் போனில் என்ன ஹெர்ட்ஸ் இருந்தாலும் தள்ளும்போது தடுக்கும். ஒரு படம் சரியாக வந்து அடுத்த மூன்று வராமல் போனால், சீராக ஓடுகிற 60-ஐவிட அதுதான் கண்ணை அதிகம் உறுத்தும். ஆமோலெட் திரையும் 6 ஜிபி ராமும் 128 ஜிபி இடமும் இருக்கிற அந்த இரண்டாவது போன் மூன்று வருஷம் கழித்தும் ஓரளவு இதே மாதிரி ஓடும்.

ஆனால் அதை உடனே வாங்கிவிடாதே. உன் தலைவலிதான் எனக்குக் கவலை. ஆமோலெட் திரைகள் பலவும் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் வெளிச்சத்தை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடினால் மங்கலாகத் தெரியும். சில போன்களில் இது வினாடிக்கு 240 முறை, சிலவற்றில் 480, நல்லவற்றில் 1920-க்கு மேல். ரெஃப்ரெஷ் ரேட் வேறு, இது வேறு; இரண்டுக்கும் ஹெர்ட்ஸ் என்றே எழுதுவதால் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு மட்டும் அரை மணி நேரத்தில் கண் கூசும், தலை வலிக்கும். நீ ஹாஸ்டலில் லைட் அணைத்த பிறகு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டுதான் படிக்கிறாய். இந்த ஆட்டம் மோசமாக இருப்பது அந்த நிலையில்தான். உனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால், 90-ஓ 120-ஓ எதுவும் அதைச் சரிசெய்யாது. அப்போது நல்ல எல்சிடி ஒன்றாகப் பார்ப்போம்.

இன்னொன்றும் பார். வெயிலில் தெரிய வேண்டும். புளி உலுக்குகிற சீசனில் "டிஸ்ப்ளே போயிடுச்சு" என்று கொண்டுவருவார்கள். கடைக்குள் நிழலில் வைத்தால் பளிச்சென்று இருக்கும். உச்சி வெயிலுக்கு அந்தத் திரையின் வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு நீ கிராம சுகாதாரப் பணியில் வீடுவீடாகப் போகும்போது, திண்ணைக்கு வெளியே நின்றுதான் போனில் பதிவு போடுவாய்.

உன் ஃபிரெண்ட்ஸ் 144 இல்லாவிட்டால் போனே இல்லை என்கிற மாதிரி பேசினால் கவலைப்படாதே. 2017-ல் ரேசர் போனில் 120 வந்தது, 2019-ல் ஒன்பிளஸ் 7 புரோவில் 90 வந்தபோது நம் ஊர்ப் பையன்கள் வரை அது பேச்சாக இருந்தது. ஆப்பிள் மட்டும் 2024-ல் வந்த ஐபோன் 16 வரைக்கும் சாதாரண மாடல்களை 60-லேயே விற்றது. 2025-ல் ஐபோன் 17-ல்தான் அதை மாற்றினார்கள். அத்தனை வருஷமும் அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்கியவர்கள் 60-ல்தான் எல்லா வேலையும் பார்த்தார்கள். எனக்கு 60-ஐவிட 90 பிடிக்கும், 120 கிடைத்தால் சந்தோஷம். ஆனால் பணம் வைக்கிற வரிசையில் அதை ராம், இடம், கண்ணுக்கு ஒத்துக்கொள்கிற திரை, வெயிலில் தெரிகிற வெளிச்சம் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வைப்பேன்.

இப்படிச் செய். ஆன்லைனில் ஆர்டர் போடாதே. வேலூரில் ஒரு ஷோரூமுக்குப் போய் அந்த 90 போனைக் கையில் வாங்கு. செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 60-ல் வைத்து ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை விரலை எடுக்காமல் மெதுவாக நகர்த்து. புள்ளிகளைப் பார். பிறகு 90-ல் வைத்து அதையே செய். அடுத்து வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உன் பழைய போனின் கேமராவில் புரோ மோடுக்குப் போய், ஷட்டர் வேகத்தைக் கூட்டி அந்தத் திரையைப் பார். கருப்புப் பட்டைகள் அகலமாக, அழுத்தமாக ஓடினால் எனக்கு வீடியோ எடுத்து அனுப்பு. கடைக்காரர் அவசரப்படுத்தினால் கண்டுகொள்ளாதே, வெளிச்சத்தைக் குறைத்தபடியே கால் மணி நேரமாவது நின்று ஏதாவது படி. தலை கனத்தால் வாங்காமல் திரும்பிவிடு.

ஒத்துக்கொண்டால் வாங்கிக்கொள். கூடவே டெம்பர் கிளாஸும் கனமான கவரும் அங்கேயே போட்டுக்கொள். ஆமோலெட் உடைந்தால் ஒரிஜினல் காம்போவுக்கே போனின் விலையில் பெரும் பங்கு போய்விடும், காப்பியை உனக்கு நான் போட மாட்டேன்.

பழைய போனை யாருக்கும் கொடுத்துவிடாதே, பேட்டரி மாற்றி அம்மாவுக்குக் கொடுக்கலாம். அவளுக்கு எழுத்து பெரிதாகவும் மணி சத்தமாகவும் இருந்தால் போதும். அடுத்த வாரம் போளூர் வரை வருகிற வேலை இருக்கிறது, சாமையும் தேனும் கொடுத்தனுப்புகிறேன். வாங்கும் முன் ஒரு போன் பண்ணு, சிக்னல் இல்லாவிட்டால் கடை நம்பருக்கு அடி.

அன்புடன்,
அண்ணன்