அப்பாவுடன் திருநெல்வேலியில் ஒரு நாள்

அந்தக் காலத்தில் பண்பொழிக்காரர்களுக்கு டவுன் என்றால் தென்காசி, சிட்டி என்றால் திருநெல்வேலி. புதுப்படமோ பாட்டுக் கேசட்டோ, அங்கேதான் போக வேண்டும். 1987 தீபாவளிக்குப் பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்த நான், ஒருநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவருக்கு நான் பழைய கடன் ஒன்று பட்டிருந்தேன். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில், எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்த ஆபேரி ராகப் பாட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் இசைத்தட்டை அப்பா ஆசையாக வாங்கி வைத்திருந்தார். எட்டு வயதில் நான் அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. துண்டுகளைத் தாளில் சுற்றிப் பரணில் வைத்தார். இன்னொன்று வாங்கவும் இல்லை. இரண்டு அடி போட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

தென்காசியிலிருந்து மீட்டர் கேஜ் ரயில். வீரவநல்லூர் தாண்டி, காருகுறிச்சி ஸ்டேஷனில் வண்டி நின்றது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். ஏதோ கோயிலைக் கும்பிடுகிறார் என்று எதிரே இருந்தவர் நினைத்திருப்பார். அருணாசலம் 1964-லேயே போய்விட்டார். அப்பாவுக்கு அந்த ஊரே கோயில்தான்.

முதலில் ரெக்கார்டிங் சென்டர். அறுபது நிமிடக் கேசட்டில் இரண்டு பக்கமும் காருகுறிச்சியார் வேண்டும், அந்தப் பாட்டு முதலில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து முழுப் பணத்தையும் கட்டினேன். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் என் லீவு முடிந்துவிடும். "நான் வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார் அப்பா.

சாப்பிட்டுவிட்டு, மத்தியானக் காட்சிக்கு 'நாயகன்'. பாதிப் படத்தில் அப்பா கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தேன். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் கேட்டார்:

"ஏல, அங்க நீ இருக்க எடமும் இப்படித்தானா?"

"இல்லப்பா, நான் இருக்கது மாதுங்கா. பயப்படாதீங்க."

அந்தத் தாராவியில் பெரும்பகுதி தோட்டா தரணி சென்னையில் போட்ட செட் என்று பின்னால்தான் படித்தேன். அன்று தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் சூடாக அல்வா. இலையில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். அப்பா அதிகம் பேசவில்லை.

அடுத்த வருஷம் லீவில் வந்தபோது கேசட்டைப் போட்டுக் காட்டினார். முதலில் அந்தப் பாட்டு. நாதஸ்வரம் ஏறி இறங்கும் இடத்திலெல்லாம் அவர் விரல் தொடையில் தாளம் போட்டது. கடன் தீர்ந்தது என்று எனக்கு நிம்மதி.

பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். நாதஸ்வரம் வரவில்லை. இளையராஜா வந்தார். 'நாயகன்' பாட்டுகள்!

"கடைக்காரன் மாத்திட்டானாப்பா?"

"நான்தான் சொன்னேன். நீ வந்தா கேப்பேல்லா."

அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள்: "நீ வந்தா என்ன? தெனமும் ராத்திரி அந்தப் பக்கத்தத்தான் போட்டுக் கேக்காக. எம்புள்ள பம்பாய்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டே."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை.