மயங்கொலி தெளிவோம்



இளஞ்சிறார்க்கு எழுத்துக் கற்பிக்குங்கால் யாம் பெரிதும் இடர்ப்படுவது லகர, ளகர, ழகரச் சொற்களிலேயாம். பேச்சில் 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆகிவிடுவதால் செவி மட்டும் துணைசெய்வதில்லை. ஆகவே, பொருளையும் துணைக்கொள்கிறோம்.

'கூலி' என்பது உழைப்பிற்குரிய ஊதியம். 'கூளி' என்பது பேய். "அப்பா கூளி வாங்கினார்" என்றெழுதினால், தந்தையார் பேயை வாங்கியதாகிவிடும்! வகுப்பே சிரிக்கும், பின்னர் ஒருவரும் மறவார்.

அடுத்து நாப்பயிற்சி. நுனிநா மேற்பல்லின் அடியைத் தொட்டால் லகரம். மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை ஒற்றினால் ளகரம். ஒற்றாது வருடினால் ழகரம்.

மாணவர்களே, பெற்றோர் பேச்சை நகையாடாதீர்; அத்தமிழே நம்மை வளர்த்தது. பெற்றோர்களே, பணி முடிந்து இல்லம் திரும்பியதும் பிள்ளைகளை நாளும் ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்கச் செய்து கேளுங்கள். நீங்கள் செவிசாய்த்தால் அவர்தம் நா திருந்தும்.

வாழ்க தமிழ்!